ராத்திரியில் பல்வலி வந்தால்

எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்கு 18 கிலோமீட்டர். ராத்திரி பல்வலி வந்தால் விடியும்வரை சமாளிக்கணும். நான் செய்வது இதுதான்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்பு கரைத்துக் கொப்பளித்துத் துப்புங்க. இடுக்கில் சிக்கியதும் வெளியேறும். பிறகு ஒரு கிராம்பை வலிக்கிற பல்லில் அதக்குங்க. அதிலுள்ள யூஜெனால் மரத்துப்போகச் செய்யும். கிராம்பு எண்ணெய் என்றால் பஞ்சில் ஒரு சொட்டு போதும். ஈறில் பட்டால் எரியும். தலையணையை உயர்த்திப் படுங்க.

எருக்கம்பால், புகையிலை வேண்டவே வேண்டாம். எருக்கம்பால் வாயைப் புண்ணாக்கிடும். செடியிலிருந்து வருவதெல்லாம் மருந்தாகாது.

கோரையை மேலே அறுத்தால் கிழங்கு மண்ணுக்குள்ளேதான் இருக்கும். வலி நின்றாலும் சொத்தை அப்படித்தான். மறுநாளே பல் டாக்டரிடம் காட்டுங்க. கன்னம் வீங்கி காய்ச்சல் அடித்தாலோ, விழுங்க முடியாவிட்டாலோ விடியலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.