ஹைட்ரஜன் வேலைக்கு முதலில் தேவை பிட்டர்

ஆனைக்கரையில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. ஏலக்காய் ஸ்டோரில் டீசல் ஜெனரேட்டர் உறுமும். மேட்டில் நிற்கும் செல்போன் டவரிலும் அதே உறுமல்தான். அந்த ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில், புகையும் உறுமலும் இல்லாமல் ஒரு பெட்டி கரண்ட் கொடுக்க முடியும். அதன் பெயர் பியூயல் செல், தமிழில் எரிபொருள் கலம். ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ முடித்துவிட்டு, “அதில் நமக்கு வேலை உண்டா?” என்று கேட்கும் வண்டன்மேடு, புற்றடி, ஆனைக்கரைப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தண்ணீரில் கரண்ட் விட்டால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும் என்று பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதைத் திருப்பி ஓட்டினால் பியூயல் செல். 1839-லேயே வில்லியம் குரோவ் இதைச் செய்து காட்டிவிட்டார். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் மெல்லிய சவ்வு. பிளாட்டினம் தடவிய மின்முனையில் ஹைட்ரஜன், புரோட்டானும் எலக்ட்ரானுமாக உடைகிறது. சவ்வு புரோட்டானை விடும், எலக்ட்ரானை விடாது. அது வேறு வழியில்லாமல் கம்பி வழியாகச் சுற்றிப் போகிறது; அந்த ஓட்டம்தான் கரண்ட். மறுபக்கம் போய் எல்லாம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் தண்ணீர். ஒரு செல் தருவது சுமார் 0.7 வோல்ட், டார்ச் பேட்டரியில் பாதிகூட இல்லை. ஆகவே நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். அந்த அடுக்குக்குப் பெயர் ஸ்டாக்.

“அப்போ தண்ணியில ஓடுற வண்டியா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். இல்லை. தண்ணீர் இங்கே எரிபொருள் அல்ல. அடுப்பில் மிஞ்சும் சாம்பல் மாதிரி. தண்ணீரையே பெட்ரோலாக்கலாம் என்று 1996-இல் கிளம்பிய மூலிகை பெட்ரோல் பரபரப்பைப் பார்த்த நாம் இந்த வித்தியாசத்தில் உஷாராக இருக்க வேண்டும்.

கணக்கும் முக்கியம். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் செலவாகும். பியூயல் செல்லில் அது திருப்பித் தருவது ஏறக்குறைய 16 யூனிட். பேட்டரியில் இவ்வளவு நஷ்டம் கிடையாது. ஆகவே ஸ்கூட்டருக்கும் ஊர் சுற்றும் காருக்கும் பேட்டரியே போதும் என்பது என் கட்சி. பாரம் அதிகம், ஓட்டம் நீளம், சார்ஜ் போட நேரமில்லை என்ற இடங்களில்தான் ஹைட்ரஜனுக்கு வாய்ப்பு. வேலை தேடும்போதும் அந்தப் பக்கமே பாருங்கள்.

அந்தப் பக்கம் நமக்குத் தூரமும் இல்லை. கொச்சி கப்பல் கட்டும் தளம் 50 பேர் பயணிக்கும் ஹைட்ரஜன் படகைக் கட்டியது. 2024 பிப்ரவரி 28-இல் பிரதமர் தூத்துக்குடியிலிருந்தபடியே அதைத் தொடங்கிவைத்தார். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் ஓட்டிச் சோதித்தார்கள். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த பியூயல் செல், 2024 ஜனவரி 1-இல் பிஎஸ்எல்வி சி-58 ராக்கெட்டில் ஏறி, 350 கிலோமீட்டர் உயரத்தில் 180 வாட் கொடுத்தது.

இனி வேலை. ஸ்டாக்குக்குள் கை வைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் வேதியியலில் ஆழமாகப் படித்தவர்கள். ஸ்டாக்கைச் சுற்றி நிற்கும் சாமான்களில்தான் ஆள் தேவை: சிலிண்டர், ரெகுலேட்டர், வால்வு, கம்ப்ரசர், குளிரூட்டும் பம்ப், கன்வெர்ட்டர், சென்சார். ஹைட்ரஜனை 350 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். ஜீப் டயரில் இருப்பதைப்போல நூற்றைம்பது மடங்கு. அதன் மூலக்கூறு மிகச் சின்னது என்பதால் தளர்ந்த இணைப்பைக் கண்டால் நழுவிவிடும். வாசனை கிடையாது. சமையல் கேஸில் சேர்ப்பது மாதிரி நாற்றம் சேர்த்தால் அந்தக் கந்தகம் பிளாட்டினத்தையே கெடுத்துவிடும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும், பகலில் அதன் தீ கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. ஒரு இணைப்பைச் சுத்தமாக முறுக்கிக் கசிவு பார்க்கத் தெரிந்த பிட்டருக்கு இங்கே மரியாதை இருப்பது இதனால்தான்.

நேர்முகத் தேர்வுக்குப் போனால் உங்களிடம் இதைக் கேட்கலாம்: கசிவு சென்சாரை எங்கே வைப்பீர்கள்? சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். அதன் சென்சார் கீழே. ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசு, கூரைக்கு ஏறும். ஆகவே சென்சார் மேலே.

எலக்ட்ரீசியன் படித்தவர்கள் டிசி கரண்டையும் இன்வெர்ட்டரையும் கெட்டியாகப் பிடியுங்கள். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ கையில் இருந்தால் இன்னும் நல்லது. வெல்டிங் தெரிந்தவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் டிக் வெல்டிங் பழகட்டும். பிளஸ் டூ முடிக்கும் தங்கச்சிகள் காரைக்குடி சிக்ரியைப் பார்க்கலாம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த அந்த ஆய்வகத்தில் வேதி, மின்வேதிப் பொறியியலில் பி.டெக். இருக்கிறது. எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர்களுக்குச் சென்னை தரமணி ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் பியூயல் செல்லுக்கென்றே ஒரு மையம் உண்டு. ஏ.ஆர்.சி.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் அதை நடத்துகிறது.

மூன்று மாத ‘ஹைட்ரஜன் சர்ட்டிபிகேட்’ என்று பெரிய பீஸ் கேட்டால் முதலில் ஒன்று கேளுங்கள்: சிலிண்டரும் ஸ்டாக்கும் கையில் தொடக் கிடைக்குமா? வெறும் ஸ்லைடு என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அந்தக் காலத்தை அப்ரென்டிஸாகக் கழிப்பது மேல். கொச்சி கப்பல் தளமும் ஐ.சி.எஃப்.பும் அப்ரென்டிஸ் எடுக்கின்றன. அறிவிப்பில் எந்த மாநிலத்தவர் விண்ணப்பிக்கலாம் என்ற வரியை முதலில் வாசியுங்கள். வீடு கேரளத்து ஆனைக்கரையிலும் ரேஷன் கார்டு தமிழ்நாட்டுக் கம்பத்திலும் இருப்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று. கொச்சியில் கட்டிய படகு போனது காசிக்கு. பெரம்பூர் ரயில் ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் பாதைக்காக. மெஷினை ஓட்டிக் காட்டி ஒப்படைக்க ஆளும் கூடவே போக வேண்டும். தமிழும் மலையாளமும் உங்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டன. இந்தியில் ‘கசியுது, வால்வை மூடு’ என்று சொல்லும் அளவுக்காவது இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.