உழவு இயந்திரத்தின் பற்றரியில் மின் ஏறாவிடின்

காலபோக மழை தொடங்கி நிலம் உழவுப் பதத்துக்கு வந்தபின் கமக்காரருக்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழவு இயந்திரம் இயங்க மறுப்பின் உழவும் விதைப்பும் பிந்திவிடும். இவ்வேளையிற் பலர் பழைய பற்றரியைக் கழித்துவிட்டுப் புதியதொன்றை வாங்குகின்றனர். குறை பற்றரிக்கு வெளியே இருக்குமாயின் புதிய பற்றரியும் சில நாட்களிற் சோர்ந்துவிடும். ஆகவே, பணத்தைச் செலவிடுமுன் கீழ்வரும் சோதனைகளை வரிசைப்படி செய்தல் வேண்டும்.

பற்றரியின் தன்மை

12 உவோற்றுப் பற்றரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள் ஐதான கந்தகவமிலத்தில் அமிழ்ந்துள்ளன. மின் செலவாகும்போது தகடுகளில் ஈயச் சல்பேற்றுப் படிகின்றது. மின்னேற்றும்போது அது நீங்குகின்றது. பற்றரி வெறுமையாய் நெடுநாள் கிடப்பின் இப்படிவு இறுகிவிடும். இறுகியபின் மின்னேற்றம் கடினமாகும்.

எச்சரிக்கை

மின்னேறும் பற்றரியிலிருந்து எளிதில் வெடிக்கக்கூடிய ஐதரசன் வாயு வெளிப்படும். அருகில் சுருட்டு, பீடி, விளக்கு ஆகியன ஆகா. இரு முனைகளையும் கம்பியால் தொடுத்துப் பொறி பார்க்கும் வழக்கத்தை அறவே விடுக. அமிலம் உடலிற் பட்டால் உடனே மிகுந்த நீராற் கழுவுக. கண்ணிற் பட்டால் கழுவியபின் தாமதியாது வைத்தியரிடம் செல்க.

செய்யவேண்டிய சோதனைகள்

1. நீர் மட்டம்: மூடிகள் கழற்றக்கூடியவையாயின் திறந்து பார்க்க. தகடுகள் நீருக்கு மேல் தெரியலாகாது. குறைந்திருப்பின் காய்ச்சி வடித்த நீரை மாத்திரம் விடுக. கிணற்று நீரிலுள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் சேர்த்தலும் தவறு. மின்னேற்றுமுன் தகடுகள் மூடுமளவுக்கு விட்டு, ஏற்றியபின் குறியிட்ட மட்டம் வரை நிரப்புக.

2. முனைகள்: வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பின் மின் தடைப்படும். இயந்திரத்தை நிறுத்தி, உடலோடு இணைந்த புவிக் கம்பியை முதலிற் கழற்றுக. அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவித் துடைக்க. அந்நீர் அறைகளுக்குள் புகலாகாது. கவ்விகளை இறுக்கிப் பூட்டி வசிலீன் பூசுக. புவிக் கம்பியை இறுதியிற் பூட்டுக.

3. பெல்ற்: மின்பிறப்பாக்கியைச் சுழற்றும் பெல்ற் தளர்ந்தோ வெடித்தோ உள்ளதா எனப் பார்க்க. தளர்ந்த பெல்ற் வழுக்குவதால் மின் போதியளவு பிறவாது.

4. உவோற்று அளவு: இயந்திரம் நின்று சில மணி நேரத்தின் பின் உவோற்றுமானியால் அளக்க. 12.6 இருப்பின் பற்றரி நிறைந்துள்ளது, 12.2 ஆயின் ஏறக்குறையப் பாதி. 12க்குக் குறையின் வெறுமையை நெருங்கியுள்ளது. பின் இயந்திரத்தை நடுத்தர வேகத்தில் ஓட்டி அளக்க. பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். அளவு உயராவிடின் மின்பிறப்பாக்கி, அதன் சீராக்கி, உருகி, கம்பி ஆகியவற்றுள் ஒன்று பழுது. 15க்கு மேற்படின் சீராக்கி பழுது. அடிக்கடி நீர் வற்றுவதும் இதன் அறிகுறி. ஓடும்போது பற்றரியின் கம்பியைக் கழற்றிப் பார்த்தல் மின்பிறப்பாக்கியைக் கெடுக்கும்.

5. இரவுச் சோதனை: அளவு சரியாயிருந்தும் காலையில் பற்றரி சோர்ந்திருப்பின், நன்கு மின்னேற்றி, புவிக் கம்பியைக் கழற்றி ஓர் இரவு வைக்க. மின் குறையாது நின்றால் எங்கோ ஒரு கம்பி வழியாக மின் கசிகின்றது. அப்பொழுதும் குறைந்தால் பற்றரியே பழுது. இந்நிலையில் மாத்திரமே புதியது வாங்குதல் தகும்.

போகங்களுக்கிடையில்

அறுவடைக்குப் பின் இயந்திரம் சும்மா நிற்கும் காலமே பற்றரிக்குக் கேடு. புவிக் கம்பியைக் கழற்றி, பற்றரியை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க. மாதம் ஒருமுறை மெதுவாக மின்னேற்றுக. 70 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 7 அம்பியர் போதும். பழைய பற்றரியை வயலிலோ வாய்க்காலிலோ எறியற்க. ஈயம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். அதனை விற்பனையாளரிடமே ஒப்படைக்க.

மழைக்கு முன்னரே இச்சோதனைகளை முடித்து வைக்கும் கமக்காரர், முதல் ஈரத்திலேயே உழவைத் தொடங்குவர்.