எண்பதில் ஐந்து

திருப்பூர் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் குட்டி அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு ரோல் கிடக்கும். தையல் விட்டிருந்தாலோ, எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ, கழுத்துப்பட்டி கோணியிருந்தாலோ செக்கிங் அக்கா அந்த இடத்தில் ஓர் அம்பை ஒட்டி, கட்டோடு டெய்லரிடம் திருப்பி அனுப்புவார். சுண்டுவிரல் நகம் அளவுதான் அந்த ஸ்டிக்கர். முனை சரியாகத் தப்பு இருக்கும் இடத்தைத் தொட்டு நிற்கும். டெய்லர் பிரித்துத் தைத்து ஸ்டிக்கரை உரித்துப் போட்டால் அது நல்ல பீஸ். கப்பல் ஏறிவிடும்.

திருத்தச் சொல்லி வரும் அந்த 'ஆல்டர்' கட்டு மடியில் வந்து விழும்போது டெய்லரின் மனசுக்குள் ஓடுவது வேறு கதை. "எனக்கெங்க இதெல்லாம் வரப்போகுது." "என்னாலதான் லைனே நிக்குது." "பத்து வருசமா மிஷின்ல உக்காந்து என்னத்தக் கண்டேன்." பீஸில் இருந்த அம்பை உரித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொள்கிற வேலை இது. ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் தன் நோயாளிகளிடம் இதைக் கவனித்து, 'தானாக எழும் எண்ணங்கள்' என்று பெயர் வைத்தார். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் இரைவதுபோல அவை யாரையும் கேட்காமல் எழும். கேட்டுக் கேட்டுப் பழகியதால் உண்மை மாதிரியே தோன்றும்.

இதற்கு மருந்தாக, தனக்கென்று ஒரு மந்திரம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே, பலிக்குமா என்று பலர் கேட்கிறார்கள். பலிக்கும், ஆனால் எல்லா வாக்கியமும் பலிக்காது. மந்திரம் என்றதும் பூசை, விபூதி என்று போக வேண்டாம். தொல்காப்பியம் வாய்மொழி என்ற பெயரில் மந்திரத்தைச் சொல்லும்போது பாட்டு, உரை, விடுகதை, பழமொழி இவற்றோடு ஒரே வரிசையில்தான் வைக்கிறது. அது சொல்லின் ஒரு வகை. சர்ச்சுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் எங்கும் போகாதவரும் வைத்துக்கொள்ளலாம்.

பலிக்காத வகையை முதலில் சொல்லிவிடுகிறேன். "நான் வெற்றியாளன்", "என்னால் முடியாதது எதுவும் இல்லை" என்று காலண்டர் அட்டையில் அச்சடிக்கும் வகை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்களிடம் 'நான் அன்புக்குரிய ஆள்' என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். அதைச் சொல்லாமல் இருந்தவர்களைவிடச் சொன்னவர்களின் மனநிலைதான் மோசமாக இருந்தது. ஏற்கெனவே தன்மேல் மதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் கிடைத்தது. காரணம் புரியாததில்லை. நம்ப முடியாத வாக்கியத்தைச் சொன்னால், உள்ளே இருக்கும் குரல் உடனே எழுந்து "யாரு, நீயா?" என்று எதிர்க்கேள்வி போடும். பசியில் இருப்பவனுக்குப் பணக்காரன் வேஷம் கட்டிவிட்டால் வயிறு இன்னும் கூவும்.

ஆக, மந்திரம் உண்மையாக இருக்க வேண்டும். உண்மை எவ்வளவு என்று எப்படி அளப்பது? இங்கேதான் திருப்பூர்க்காரர்களுக்கு ஊரே ஒரு அளவுகோலைக் கையில் கொடுத்திருக்கிறது.

இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வரும்போது கம்பெனியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். வருகிறவர் எல்லா பீஸையும் பார்ப்பதில்லை. எத்தனை குறைவரை பொறுக்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். என்ற கணக்கு வைத்திருக்கிறார். ஆயிரம் பீஸ் ஆர்டர் என்று வையுங்கள். வழக்கமான முறையில் 80 பீஸ் எடுத்துப் பார்ப்பார். பெரிய குறைகளுக்குப் பெரும்பாலான பையர்கள் வைக்கும் அளவு 2.5. அதன்படி அந்த 80-ல் 5 வரை குறை இருந்தாலும் சரக்கு பாஸ். ஆறாவது வந்தால்தான் ஃபெயில். ஐரோப்பாவில் உட்கார்ந்து நூல் நூலாகப் பார்க்கிற பையரே தைக்கிறது மனுசக் கை என்று தெரிந்து ஐந்து விட்டுக்கொடுக்கிறார். நம்மை நாம் சோதிக்கும்போது? ஒரே ஒரு பீஸ் திரும்பி வந்ததும் மொத்த ஆர்டரையும் ரிஜெக்ட் பண்ணிவிடுகிறோம். இவ்வளவு கறாரான பையருக்குத் தைத்துக் கொடுக்க எந்தக் கம்பெனியும் ஒத்துக்கொள்ளாது.

உங்கள் வாக்கியத்தை இந்தக் கணக்கில் வைத்து எழுதுங்கள். அதற்கு முன் ஒரு வாரம் சும்மா கேளுங்கள். உள்ளே ஓடும் குரல் எப்போது, எந்த வார்த்தையில் பேசுகிறது என்று சம்பளக் கவரின் பின்பக்கம் குறித்துவையுங்கள். எழுத வராதவர்கள் செல்போனில் பேசிப் பதிந்துகொள்ளலாம். சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். திட்டு நூறு விதம் இல்லை, இரண்டோ மூன்றோதான். அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. சிலருக்கு அந்தக் குரல் அப்பனுடையது, சிலருக்குப் பள்ளிக்கூட வாத்தியாருடையது, சிலருக்கு முதல் கம்பெனி சூப்பர்வைசருடையது. அதிகம் வந்த ஒரு திட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

அந்தத் திட்டுக்கு நேர் எதிரானதை எழுதாதீர்கள். அம்பு எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கே ஒட்டுங்கள். "எனக்கு எதுவுமே வராது" என்ற திட்டுக்கு "எனக்கு எல்லாம் வரும்" பதில் ஆகாது. "கழுத்து கோணிருச்சு. பிரிச்சா சரியாயிரும். கைமடிச்ச நான்தான் இன்னிக்கு ஓவர்லாக் ஓட்டறேன்." இது பதில். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து டெய்லர் ஆனவருக்கு அந்தக் கடைசி வரி யாராலும் மறுக்க முடியாத சாட்சி. அவருடைய உள்குரலாலும்கூட.

சுருக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு மூச்சை விடுவதற்குள் சொல்லி முடிகிற நீளம் போதும். "பீஸ்தான் ஆல்டர், நானில்ல." இவ்வளவுதான் வேண்டும்.

பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சாக இருக்கட்டும். மேடைத் தமிழ் வேண்டாம். தேனியிலிருந்து வந்தவர் தேனிப் பேச்சில், ஒடிசாவிலிருந்து வந்த தம்பி ஒடியாவில். நம்மை நாம் எப்படி அழைத்துக்கொள்கிறோம் என்பதும் முக்கியம். மிச்சிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-ல் ஒன்று கண்டுபிடித்தார்கள். படபடப்பான நேரத்தில் 'நான்' என்று பேசிக்கொண்டவர்களைவிட, தன்னையே பெயர் சொல்லியோ 'நீ' என்றோ அழைத்துப் பேசிக்கொண்டவர்கள் தடுமாற்றம் குறைந்து வேலையைச் செய்தார்கள். கொங்கு நாட்டில் இதற்கு ஆய்வே தேவையில்லை. குழந்தை விழுந்து எழுந்தால் பாட்டி என்ன சொல்வார்? "ஒண்ணுமில்ல சாமி, எந்திரி." பெற்ற பிள்ளையைச் சாமி என்றும் கண்ணு என்றும் அழைக்கிற ஊர் இது. உங்களைச் சின்ன வயதில் யார் எப்படி அழைத்தார்களோ அந்த விளியை வாக்கியத்தின் முன்னால் போட்டுப் பாருங்கள். "கண்ணு, பீஸ்தான் ஆல்டர்." சொல்லும்போதே தோள் இறங்கும்.

எழுதியதை டீ நேரத்தில் வாய்த்துடுக்கான தோழி ஒருத்தியிடம் படித்துக் காட்டுங்கள். அவள் சிரித்தால் வாக்கியத்தில் பொய் இருக்கிறது. திருத்துங்கள். என் அனுபவத்தில் இதைவிட நல்ல சோதனை இல்லை.

அடுத்தது, எப்போது சொல்வது. "தோன்றும்போது சொல்லிக்கொள்வேன்" என்றால் தோன்றவே தோன்றாது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொண்டவர்கள் சொன்னதை மற்றவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று காட்டினார். டெய்லருக்கு அந்த முடிச்சு மிஷினிலேயே இருக்கிறது: நூல் அறும் நேரம். ஓவர்லாக்கில் லூப்பருக்கும் ஊசிக்கும் நூல் கோக்கிற அந்தக் கொஞ்ச நேரம் கை தானாக வேலை செய்யும், மனசு சும்மா இருக்கும். திட்டு நுழைவதும் அப்போதுதான். நூல் கோக்கும்போது மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே வாக்கியத்தை ஒரு முறை சொல்லுங்கள். 108 தடவை எல்லாம் வேண்டாம். செக்கிங்கில் இருப்பவருக்கு ஸ்டிக்கர் உரிக்கும் நேரம், மெர்ச்சண்டைசருக்கு பையரின் மெயிலைத் திறக்கும் முன் ஒரு நொடி.

முதலாளிமாருக்கும் இந்த உள்குரல் உண்டு. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியபோது, ஆர்டர் நின்றுபோன சின்ன ஜாப் ஒர்க்காரர்கள் பலர் "நான் தோத்துட்டேன்" என்றுதான் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கு இங்கே ஒருவர் நெற்றியில் அம்பு. அவருக்கான வாக்கியம்: "நின்னது ஆர்டர். தொழில் கையில இருக்கு. இன்னிக்கு ஒரு போன்." கடைசி மூன்று வார்த்தை முக்கியம். வாக்கியம் வட்டி கட்டாது. பேங்க் மேனேஜருக்கோ உள்ளூர் ஆர்டர் தரும் வியாபாரிக்கோ அந்த ஒரு போனைப் போட வைத்தால் அதன் வேலை முடிந்தது.

இந்த வாக்கியத்தை வைத்து எதையும் விழுங்கிக்கொள்ளாதீர்கள். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் பேசினால், கை நீட்டினால், அது உங்கள் மனக்குரல் இல்லை, வெளியில் நடக்கும் தப்பு. அதற்குத் தேவை புகார். பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். 181 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். ஒன்றரை ஷிப்டு ஓட்டி உடம்பு கெஞ்சினால் தூங்குங்கள். தூக்கத்துக்குப் பதில் மந்திரம் கிடையாது.

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, பிள்ளையின் முகம் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் வாக்கியம் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். "இருந்து என்ன பண்ண" என்று உள்குரல் ஒரு தடவை சொன்னாலே போதும், அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது, நைட் ஷிப்டு முடிந்து விடிகாலை மூன்று மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்கள்.