வீட்டுப் பழைய இரும்பு: கூலியும் பொறுப்பும்

வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களும், குடிமாறிப் போகிறவர்களும், பெரியவர்கள் காலமான பின் பூர்வீக வீட்டைக் காலி செய்கிறவர்களும் நம் பழைய இரும்புக் கடைகளைத்தான் நாடி வருகிறார்கள். கடைக்கே வந்து சேரும் இரும்புக்குத் தராசும் விலையும் போதும். நாமே வீட்டுக்குப் போய் எடுத்து வரும் இரும்போடு மாடிப்படி, வண்டி, ஆள்கூலி, அண்டை வீட்டுச் சுவர் எல்லாம் சேர்ந்து வருகின்றன. இருநூறு கிலோ இரும்பில் கடைக்காரருக்கு நிற்பது சில நூறு ரூபாய்தான். பீரோவை இறக்கும்போது ஒரு கிரானைட் படி உடைந்தால் பல வீட்டு லாபம் அதோடு போய்விடும். ஆகவே கூலியை எப்படி நிர்ணயிப்பது, பொறுப்புக்கு எங்கே எல்லை கட்டுவது என்ற இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

விலை வேறு, கூலி வேறு

நம்மில் பலர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாவற்றுக்கும் இரண்டாயிரம் தருகிறோம்" என்று ஒரே தொகையாகச் சொல்லிவிடுகிறோம். சச்சரவுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. வீட்டுக்காரர் சந்தையில் இரும்பு விலையை விசாரித்திருப்பார். நாம் சொன்ன தொகையை எடையால் வகுத்துப் பார்த்து, ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். வண்டி வாடகையும் சுமைக்கூலியும் அவர் கணக்கில் வராது. இரும்பின் விலையை ஒரு வரியிலும், அகற்றும் கூலியை மறு வரியிலும் எழுதிக் காட்டினால் பேச்சு அங்கேயே தெளிந்துவிடும்.

எடையை முன்கூட்டி மதிப்பிட ஒரு வழி உண்டு. உருண்டைக் கம்பியின் விட்டத்தை மில்லி மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ. சதுரக் கம்பியானால் 162-க்குப் பதில் 127-ஆல் வகுக்க வேண்டும், 12 மி.மீ. சதுரக் கம்பி 1.13 கிலோ வரும். இருபது மீட்டர் உருண்டைக் கம்பி கொண்ட ஜன்னல் கிரில் சுமார் 18 கிலோ என்று தொடாமலே சொல்லிவிடலாம். ஆனால் பணம் தருவது முத்திரையிட்ட தராசில் வீட்டுக்காரர் கண்முன் நிறுத்த எடைக்குத்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நமக்கும் பொருந்தும்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழ்க்காணும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உறுப்பினர்கள் தத்தம் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளவும்.

இரண்டாம் மாடி வீடு. பீரோ, கிரில், பழைய குழாய் எல்லாம் சேர்ந்து 200 கிலோ. மண், துரு, கண்ணாடி, மரம் ஆகியவற்றுக்காக 5 சதவீதம் கழித்தால் 190 கிலோ. மொத்த வியாபாரி நமக்குத் தருவது கிலோ ரூ.30. நம் லாபம் ரூ.3 போக, வீட்டுக்காரருக்கு ரூ.27. இரும்பின் விலை ரூ.5,130. குட்டி யானை வண்டி வாடகை ரூ.1,200, இரண்டு ஆள் கூலி ரூ.1,400, கிரில் அறுக்கும் செலவு ரூ.500, ஆகக் கூலி ரூ.3,100. வீட்டுக்காரர் கைக்குப் போவது ரூ.2,030. நமக்கு நிற்பது ரூ.570.

அதே மாடியில் 60 கிலோ பீரோ ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? கழிவு போக 57 கிலோ, விலை ரூ.1,539. வண்டியும் ஆளும் ரூ.2,600. இப்போது வீட்டுக்காரர்தான் நமக்கு ரூ.1,061 தர வேண்டும். "இரும்பையும் கொடுத்துப் பணமும் கொடுப்பதா?" என்று அவர் கேட்பது இயல்பே. இரண்டு வரிக் கணக்கைக் காட்டினால் நியாயம் விளங்கும். அதே தெருவில் இன்னொரு வீட்டுச் சரக்கு கிடைக்கும் நாள்வரை பொறுத்தால் வண்டி வாடகை பாதியாகும். அவர் தர வேண்டியது ரூ.461 ஆகக் குறையும். இதையும் நாமே எடுத்துச் சொன்னால் அந்த வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகமாட்டார்.

இரும்பின் விலையும் கூலியும் ஏறக்குறையச் சமமாக வந்தால் கொடுக்கல் வாங்கல் இன்றி எடுத்து வரலாம். அப்போதும் இரண்டு வரிகளையும் எழுதத்தான் வேண்டும். மாடி, குறுகிய சந்து, அறுக்கும் வேலை ஆகியவற்றுக்கு எவ்வளவு கூடும் என்பதை வேலை தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். பொருளைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு கூலியை உயர்த்துவது நம் தொழிலுக்கே கெட்ட பெயர்.

பொறுப்பின் எல்லை

"எந்தச் சேதத்துக்கும் கடை பொறுப்பல்ல" என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது போதாது. கூலி கொடுத்து நம்மை அழைப்பவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர். ஒருதலைப்பட்சமான நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்த்து முறையிட அச்சட்டம் வழி தருகிறது. மேலும் நம் சீட்டு கையெழுத்திட்ட இருவரை மட்டுமே கட்டும். மாடியிலிருந்து நழுவிய குழாய் அண்டை வீட்டார் வண்டியில் விழுந்தால், அவரை நம் சீட்டு கட்டுப்படுத்தாது. லாரி இன்சூரன்ஸ் சாலை விபத்துக்கு எடுத்தது. மாடிப்படிச் சேதத்துக்கு அதை நம்பி இருக்கலாகாது. நம் ஆளுக்கு வேலையில் காயம் பட்டால் இழப்பீடு முதலாளியின் கடமை என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் உள்ள கொள்கை. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி அதைத் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் எதற்கு எல்லை கட்டலாம்? நியாயமாகப் பிரித்துக்கொள்ளக் கூடியவற்றுக்குக் கட்டலாம். நம் ஆள் கவனக்குறைவால் உடைத்தது நம் பொறுப்பு. ஆனால் உடைந்த பகுதியைச் சரிசெய்யும் செலவு வரைக்கும்தான் என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு படி உடைந்ததற்கு மாடிப்படி முழுவதையும் புதிதாகப் போட்டுத் தரும்படி கேட்பதை இது தடுக்கும். சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே என்று காட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. காட்டியதை உடைத்தால் நம்முடையது. காட்டாமல் மறைந்திருந்தது அவருடையது. ஏற்கெனவே உள்ள விரிசல், உடைந்த ஓடு ஆகியவற்றை வேலைக்கு முன் செல்போனில் படம் எடுத்து, அவருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

பீரோ, பெட்டி, லாக்கர் எதுவானாலும் வீட்டுக்காரரே திறந்து காலி செய்து காட்டிய பிறகே தூக்க வேண்டும். பீரோவை விற்றவர் அதற்குள் இருந்த நகையையோ பத்திரத்தையோ விற்றதாக ஆகாது. கடையில் வந்து கிடைத்தால் உடனே திருப்பித் தருவதே சட்டமும் நாணயமும்.

விற்பவர் உரிமை உள்ளவரா என்பதைப் பார்ப்பதும் முக்கியம். குடியிருப்பவர் வீட்டு உரிமையாளரின் கிரில்லை விற்பதும், பங்காளிகளில் ஒருவர் பொதுச் சொத்தை விற்பதும் நடக்கிறது. திருட்டுப் பொருளை அறிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அடையாள அட்டை நகலும், வீட்டு உரிமையாளர் ஒப்புதலும் இல்லாமல் வண்டியில் ஏற்ற வேண்டாம்.

தொடக் கூடாதவை

சமையல் கேஸ் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து; ஏஜென்சிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை உடைத்து அமிலத்தைக் கொட்டக் கூடாது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது முறையான மறுசுழற்சிக்குச் செல்ல வேண்டும். ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளுக்குள் அடங்கும். செம்புக்கு ஆசைப்பட்டுக் குழாயை வெட்டி வாயுவைத் திறந்துவிடலாகாது. மூடியிட்ட உருளை, உள்ளே என்ன என்று தெரியாத டப்பா ஆகியவற்றில் அறுக்கும் மிஷினை வைத்து ஆளின் உயிருக்கு வினை தேட வேண்டாம்.

சீட்டில் இருக்க வேண்டியவை

இரண்டு பிரதி எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளவும்.

1. விற்பவர் பெயர், முகவரி, "இப்பொருள்கள் எனக்குச் சொந்தம், விற்க எனக்கு உரிமை உண்டு" என்ற உறுதி.
2. பொருள் வகை, எடை, கிலோ விலை, மொத்தம்.
3. வண்டி, ஆள், அறுப்புக் கூலி தனித்தனியே, மொத்தம்.
4. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும்.
5. "பீரோ, பெட்டிகள் காலி செய்து காட்டப்பட்டன. மறைவான குழாய், மின்கம்பி காட்டப்பட்டன. கடை ஆட்களால் நேரும் சேதத்துக்கு அப்பகுதியைச் சரிசெய்யும் செலவைக் கடை ஏற்கும்."
6. தேதி, நேரம், வண்டி எண்.

இச்சீட்டு வரிக் கணக்குக்கும் உதவும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர், பதிவு பெறாத வியாபாரியிடம் வாங்கும் உலோகக் கழிவுக்கு 2024 அக்டோபர் 10 முதல் வாங்குபவரே வரி செலுத்த வேண்டியிருக்கிறது. குடும்பத்தார் தம் வீட்டுப் பொருளை விற்பது வியாபாரமாகச் செய்வதன்று. ஆகவே வீட்டுக் கொள்முதல் எது, வியாபாரிக் கொள்முதல் எது என்று பிரித்துக் காட்ட ஆதாரம் வேண்டும். நாம் வாங்கும் கூலியும் தனி வரவு. கழித்த மிச்சத்தை மட்டும் எழுதினால் கணக்கு பிசகும். தத்தம் ஆடிட்டரிடம் கலந்து முறைப்படுத்திக்கொள்வது நலம்.

சீட்டு எழுதப் பத்து நிமிடம் பிடிக்கும். அதற்கு முகம் சுளிக்கும் வீட்டுக்காரர் எங்கோ ஒருவர் இருக்கலாம். அப்படிப்பட்டவரின் சரக்கை விட்டுவிட்டு வருவதால் நமக்குப் போவது ஐந்நூறு ரூபாய்தான். எழுதாமல் எடுத்து வந்தால் எவ்வளவு போகும் என்பதற்குக் கணக்கே இல்லை. உறுப்பினர்கள் இவ்வாரமே சீட்டுப் புத்தகம் அச்சிட்டு, கடை ஆட்களுக்கும் விளக்கிச் சொல்லி நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டுகிறோம்.