உறக்கமின்மையும் பிழை திருத்தமும்

பண்டிகைக்கு முன்னர் இரவெல்லாம் தறியில் அமரும் நெசவாளருக்கும், நள்ளிரவில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சும் விவசாயிக்கும் உரிய விஷயம் இது. அங்குலத்திற்கு இத்தனை ஊடை வேண்டும், குறைந்துள்ளது என்று சங்கத்தில் கூறுகின்றனர். நெசவாளர் தலையசைக்கிறார், அடுத்த துணியிலும் அதே குறை. கூலி பிடிக்கப்படுகிறது. அலட்சியம் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ வேறு காரணம் கூறுகிறது. 26 பேரில் 13 பேரை 62 மணி நேரம் உறங்கவிடாது வைத்திருந்தனர். எந்த எண்ணைக் கண்டால் பொத்தானை அழுத்துவது, எதற்குச் சும்மா இருப்பது என்பதை, 'சரி', 'தவறு' என்னும் பதிலைக் கொண்டே அனைவரும் கற்க வேண்டும். இடையில் விதி தலைகீழாக மாற்றப்பட்டது. உறங்கியோர் மாறிக்கொண்டனர். உறங்காதோருக்கோ, 'தவறு' என்று திரும்பத் திரும்பக் காட்டியும் பழைய வழியை விட இயலவில்லை. செவி கேட்கிறது, சொல் உள்ளே தைப்பதில்லை.

இரவில் கூடுதலாகப் படுத்தால் போதுமா? சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. சுமார் ஐந்தரை மணி நேரமாக இருந்த அவர்களது இரவுறக்கம் 27 நிமிடம் கூடியும் வேலையில் பலன் தென்படவில்லை. அவ்வுறக்கம் அடிக்கடி கலைந்த உறக்கம். பகலில் அரைமணி உறங்கியோர், வெறுமனே ஓய்ந்திருந்தோரைவிட நன்கு வேலை செய்தனர். அந்த அரைமணி வருமானம் போயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

கயத்தாறு வட்டாரத்துச் சங்கங்கள், துணியின் குறையை விடியற்காலையில் கூறாது, நெசவாளர் பகலில் சற்று உறங்கியெழுந்த பின்னர்த் தறியருகே காட்டலாம். விவசாயிக்கு மருந்தின் புதிய அளவைச் சொல்வதும் அங்ஙனமே. கூலி பிடிப்பதை அதன் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.