புள்ளிக்குப் பின் பத்து

காக்ஸ் டவுனைச் சேர்ந்த மாணவன் ஒருவன் மைன்கிராஃப்ட் விளையாட்டில் மூன்று மாதம் உழைத்து ஓர் ஊரை எழுப்பியிருந்தான். அவ்விளையாட்டில் பிறர் எழுதிச் சேர்க்கும் நிரலுக்கு ‘மோட்’ என்று பெயர். அவனிடம் ஒரு மோட்டின் 1.10 பதிப்பு இருந்தது. 1.9 பதிப்பே புதியது எனக் கருதி, அதனை மாற்றி நிறுவினான். 1.10 பதிப்பில் மட்டும் இருந்த கல்வகைகள் யாவும் மறைந்தன. ஊரில் பாதி அழிந்தது. அவன் படியெடுத்து வைத்திருக்கவில்லை.

கணக்கில் 1.9 பெரியதே. பதிப்பெண்ணிலோ புள்ளி தசமப்புள்ளி அன்று. எண்களைப் பிரிக்கும் வேலி. கணக்குப் பாடநூலில் 1.9 ஆம் பகுதியை அடுத்து 1.10 வருவதில்லையா? மைன்கிராஃப்டின் 1.9 பதிப்பு 2016 பிப்ரவரியிலும், 1.10 அவ்வாண்டு ஜூனிலும் வெளிவந்தன.

மோட் எழுதுவோர் பலர் மூன்று எண்கள் இடுவர். 2.4.1 பதிப்பில் பிழை திருத்தினால் 2.4.2 ஆகும், புதிய வசதி சேர்த்தால் 2.5.0. பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் எனில் 3.0.0. கோப்பின் பெயரில் விளையாட்டின் பதிப்பெண்ணும் சேர்ந்திருப்பதுண்டு. அதனை மோட்டின் எண்ணென மயங்கலாகாது.

பயிற்சி: ஏறுவரிசையில் எழுதுக.
1.10.2, 1.9.4, 1.2.11, 1.10.0