திரும்பி வருவதற்கான எரிபொருள்

நம்பிக்கை: விமானம் ஓட்டவும் நிதித்துறையில் முன்னேறவும் முதலில் வேண்டியது துணிச்சல்.

உண்மை: இரண்டிலும் முதலில் கேட்கப்படுவது பயிற்சிக் காலம். வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பட்டயக் கணக்காளராக விரும்புபவர் தேர்வுகளோடு ஆண்டுக்கணக்கில் ஆர்ட்டிகிள்ஷிப் எனும் பணிப் பயிற்சியும் முடிக்க வேண்டும். மதிப்பெண் எவ்வளவு குவிந்தாலும் இந்தப் பயிற்சியைத் தவிர்க்க முடியாது.

நம்பிக்கை: அனுபவம் வந்தபின் உள்ளுணர்வே போதும்.

உண்மை: வங்கக் கடலின் மழைமேகத்துக்குள் விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், அரை நிமிடத்துக்குள் உட்காதின் திரவம் அதற்குப் பழகிவிடும், நேராகப் பறப்பதாகவே தோன்றும். விமானி அதை உண்மையிலேயே நேராக்கும்போது, எதிர்ப்பக்கம் திரும்புவதாக உடல் அடித்துச் சொல்லும். அனுபவசாலிக்கும் இதே கதிதான். அப்போது நம்பத்தக்கது கருவிப் பலகை மட்டுமே. கடன் கேட்பவர் எவ்வளவு நயமாகப் பேசினாலும் வங்கி அதிகாரி பணவரத்துக் கணக்கைப் புரட்டுவதும் இதனால்தான். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்த்த பிறகே பணம் நகரும் ‘மேக்கர்–செக்கர்’ முறைக்கும், ஒரு விமானி ஓட்ட மற்றவர் கருவிகளைக் கண்காணித்து வாய்விட்டுச் சொல்லும் முறைக்கும் அடிப்படை ஒன்றே: தனிமனிதக் கணிப்பு தவறக்கூடியது.

நம்பிக்கை: பாதியில் திரும்புவது தோல்வி; கையிருப்பு வீண்.

உண்மை: மூன்றில் மிகவும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். சென்னையிலிருந்து சுமார் 1,370 கி.மீ. கடலைத் தாண்டி, 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் வீர் சாவர்க்கர் விமான நிலையம் இருக்கிறது. அங்கே மழையும் காற்றும் வழிவிடாவிட்டால், பயணிகள் விமானம் வழக்கமாக ஒதுங்கும் பெருநிலையம் எதுவும் அருகில் இல்லை. சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பிய விமானங்கள் பல. அவை திரும்ப முடிந்தது, அதற்கான எரிபொருளையும் சுமந்து சென்றதால். இந்தக் கூடுதல் எடையைச் சுமக்கவே கொஞ்சம் எரிபொருள் செலவாகும்; வானம் தெளிவாக இருக்கும் நாளில் அது வெறும் பாரம்போலத் தெரியும்.

வங்கியிலும் இப்படித்தான். 30 நாள் நெருக்கடியில் வெளியேறக்கூடிய பணத்துக்கு ஈடாக, அரசுப் பத்திரங்கள் போல உடனே காசாக்கத்தக்க சொத்துகளை வைத்திருக்கும்படி ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்கு விதித்திருக்கிறது. அதே தொகையைக் கடனாகக் கொடுத்தால் பொதுவாக வட்டி அதிகம் கிடைக்கும். நல்ல காலத்தில் இந்த இழப்பைப் பொறுக்காதவர் வங்கிப் பணிக்குத் தகுதியானவர் அல்லர்.

எதுவரை போய்த் திரும்ப முடியும் என்ற கணக்கை விமானி தரையில் இருக்கும்போதே போட்டுவிடுகிறார். பங்கை வாங்குமுன்பே, எந்த விலைக்கு இறங்கினால் விற்று வெளியேறுவது என்று ‘ஸ்டாப் லாஸ்’ குறித்துவைப்பவர் செய்வதும் அதே கணக்கைத்தான்.